எலும்புக்குழலும் தோற்பறையும்: வரலாற்றுக்கு முந்தைய இசையும் நாமும்

(பறைப் பயிற்சி முகாம் ஒன்றில் மாணவர்களிடமும் இயக்கத் தோழர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னை அறிமுகப்படுத்திய தோழர் பேசி முடிக்கும்போது, மனித குலத்தின் முதல் இசைக்கருவி பறைதான் என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். இதை நாம் எதை வைத்துச் சொல்கிறோம்? நாளைக்கு ஒரு கல்லூரி வகுப்பறையில் நீங்க இதைச் சொல்லும்போது, பின்வரிசையில் இருந்து ஒருத்தன் எழுந்து, ஆதாரம் என்னய்யா என்று கேட்டால் என்ன சொல்வீங்க? 'எங்க தாத்தா சொன்னார்' என்பது பதில் ஆகாது. அவன் தாத்தாவும் நிறையச் சொல்லியிருப்பார். அவர் சொன்னதெல்லாம் சாஸ்திரமாகி நம் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் இன்றைக்குக் கொஞ்சம் வறட்சியான ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று நினைக்கிறேன். எழுத்து பிறப்பதற்கு முன்னால் மனிதர்கள் என்ன வாசித்தார்கள், என்ன பாடினார்கள், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது. சங்க இலக்கியத்துக்குப் போக வேண்டாம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைத்து எண்ணுகிறது, நமக்குப் பெருமைதான். ஆனால் அதெல்லாம் இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கு. நான் சொல்லப்போவது நாற்பதாயிரம் ஆண்டுக் கணக்கு.

ஜெர்மனியின் தெற்கே ஸ்வாபியன் ஜூரா என்று சுண்ணாம்புக்கல் மலைப்பகுதி இருக்கிறது. அங்கே ஹோலே ஃபெல்ஸ் என்று ஒரு குகை. 2008ல் நிக்கோலஸ் கொனார்ட் என்பவரின் குழு அங்கே தோண்டியபோது ஒரு குழல் கிடைத்தது. பன்னிரண்டு துண்டாக உடைந்து கிடந்ததைப் பொறுக்கி ஒட்டினார்கள். நீளம் ஏறக்குறைய 22 செ.மீ., கனம் நம் சுண்டுவிரலைவிடக் குறைவு. ஐந்து விரல்துளை. ஊதும் முனையில் இரண்டு ஆழமான வெட்டு. துளைகளின் பக்கத்தில் மெல்லிய கீறல்கள் இருக்கின்றன, எங்கே துளை போடுவது என்று அளந்து குறித்திருக்கலாம். 2009ல் அறிவித்தார்கள். காலம் சுமார் நாற்பதாயிரம் ஆண்டு.

எதில் செய்தது தெரியுமா? பிணந்தின்னிக் கழுகின் இறக்கை எலும்பில். பாறு என்று பழைய தமிழில் சொல்வது அந்த இனத்தைத்தான். செத்ததைத் தின்கிற பறவை. அது செத்தபின், அதன் எலும்பை எடுத்து, சுரண்டி, துளை போட்டு, ஒரு மனிதர் அதில் வாயை வைத்து ஊதியிருக்கிறார். நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய, சந்தேகமில்லாத இசைக்கருவிகளில் ஒன்று இது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். செத்ததைத் தொட்டவன் தீட்டு, தோலைத் தொட்டவன் தீட்டு, அந்தத் தோலில் வருகிற ஓசையும் தீட்டு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இசையின் ஆகப் பழைய சாட்சியே ஒரு பிணந்தின்னியின் எலும்பாக இருக்கிறது!

அதே மண் அடுக்கில் வேறு என்னென்ன கிடந்தன என்று பாருங்க. கல்லை உடைத்துக் கத்தி செய்தபோது சிதறிய சில்லுகள், செதுக்கிய எலும்பு, தந்தம். குதிரை, கலைமான், குகைக்கரடி, மாமூத் என்கிற சடை யானை, இவற்றின் எலும்புகள். கருகிய எலும்புகள். முக்கால் மீட்டர் தூரத்தில் மாமூத் தந்தத்தில் செதுக்கிய சின்னப் பெண் உருவம். தோலுரித்தவர் ஒரு தெரு, செதுக்கியவர் ஒரு தெரு, ஊதியவர் இன்னொரு தெரு என்று பிரித்துக் காட்டுவதற்கு அந்தக் குகையில் ஒரு தடயமும் இல்லை. (ஊதியது ஆணா பெண்ணா என்றும் தெரியாது. படம் வரைகிறவர்கள் மட்டும் பெரும்பாலும் தாடி வைத்த ஒரு ஆணையே வரைகிறார்கள்.)

பக்கத்திலேயே கைசன்குளோஸ்டர்லே என்று இன்னொரு குகை. அங்கே அன்னப்பறவையின் எலும்பில் செய்த குழல்களும், மாமூத் தந்தத்தில் செய்த ஒரு குழலும் கிடைத்தன. பறவை எலும்பு உள்ளே இயல்பாகவே காலி. தந்தம் அப்படி இல்லை, உள்ளே கெட்டி. அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, மறுபடி பசை போட்டுக் காற்று கசியாமல் சேர்த்திருக்கிறார்கள். நம் ஆட்கள் மூன்று கட்டையை வளைத்துச் சேர்த்து, புளியங்கொட்டைப் பசை காய்ச்சித் தோலை ஒட்டுகிறார்களே, அந்தப் பொறுமை. கையால் வேலை செய்கிறவனுக்கு அறிவு கிடையாது என்கிற கதையை அந்தத் தந்தக்குழல் முன்னால் சொல்லிப் பார்க்கணும். 2012ல் இந்தக் குகையின் அந்த அடுக்கை மறுபடி காலக்கணிப்பு செய்து, 42,000லிருந்து 43,000 ஆண்டு என்றார்கள்.

சரி, குழல்தான் முதல் கருவி, பறை பிறகு வந்தது என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது.

நீங்க கையில் வைத்திருக்கிற பறையை எடுத்துக்குங்க. அதை இந்தத் தோட்டத்தில் ஒரு குழி வெட்டிப் புதைத்துவிடுவோம் என்று வைங்க. தோலைப் புழு தின்னும். கட்டையைக் கரையான் தின்னும். புளியங்கொட்டைப் பசை முதல் மழைக்கே கரைந்துவிடும். கட்டைகளைச் சேர்க்கிற இரும்புத் தகடு துருப்பிடித்துக் கொஞ்ச நாள் கிடக்கும். சிம்புக்குச்சியும் அடிக்குச்சியும் மண்ணோடு மண். ஆயிரம் ஆண்டு கழித்துத் தோண்டுகிறவனுக்கு என்ன கிடைக்கும்? துரு ஏறிய நாலு தகடு. 'ஏதோ பெட்டியின் பட்டை' என்று எழுதி வைத்துவிட்டுப் போவான்.

பனிக்காலத்து ஐரோப்பியக் குகைகளில் தோல் சுரண்டுகிற கல் கருவிகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. தோல் கிடைப்பதில்லை. அப்படியென்றால் தோலைப் பதப்படுத்தினார்கள், உடுத்தினார்கள், விரித்தார்கள் என்பது உறுதி. இழுத்துக் கட்டித் தட்டினார்களா? தட்டியிருக்கலாம். நிரூபிக்க முடியாது. முழவு என்று நம்பிக்கையோடு சொல்லக்கூடியவை புதிய கற்காலத்தில்தான் வருகின்றன. மத்திய ஜெர்மனியில் ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய சுட்டமண் பாண்டங்கள் சில இருக்கின்றன. அடியில்லாத குவளை மாதிரி, விளிம்பைச் சுற்றி வரிசையாகக் குமிழ். தோலை இழுத்துக் கட்டத்தான் அந்தக் குமிழ்கள் என்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். சீனாவில் தாவோசி என்ற இடத்தில் நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லறைகளில் மரத்தைக் குடைந்த முழவுகள். மரம் மக்கிவிட்டது. உள்ளே முதலைத்தோலின் எலும்புச் செதில்கள் உதிர்ந்து கிடந்தன. அதை வைத்துத்தான் மேலே முதலைத்தோல் போர்த்தியிருந்தது என்று தெரிந்தது. தோல் போய்விட்டது, தோலுக்குள் இருந்த எலும்பு சாட்சி சொன்னது.

கைதட்டலும் பாட்டும் அதுகூட மிஞ்சாது. ஐந்து துளை அளந்து போட்டவர்களுக்கு அதற்கு முன்னால் எத்தனை தலைமுறைப் பாட்டு இருந்திருக்கும்? நமக்குக் கிடைத்திருப்பது இசையின் தொடக்கம் இல்லை. தொடங்கி ரொம்ப நாள் ஆன பிறகு, மக்காத பொருளில் செய்யப்பட்டதால் தப்பிப் பிழைத்த சில்லறை. ஆகவே பறைதான் முதல் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை, குழல்தான் முதல் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. இதை ஒத்துக்கொள்வதில் நமக்கு ஒரு இழப்பும் இல்லை.

'நாங்களே முதல்' என்கிற ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு உதாரணம். ஸ்லோவேனியா 1991ல் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனிநாடு ஆனது. 1995ல் அங்கே திவ்யே பாபே என்ற குகையில் இவான் துர்க் என்ற தொல்லியலாளர் ஒரு குகைக்கரடிக் குட்டியின் தொடை எலும்பைக் கண்டெடுத்தார். இரண்டு முழுத் துளை, நேர்வரிசையில். காலம் ஐம்பதாயிரத்துக்கும் மேல். நம் இனத்தவர் அங்கே வருவதற்கு முன்னால் இருந்த நியாண்டர்தால் மனிதர்களின் காலம். உலகத்தின் முதல் புல்லாங்குழல் என்றார்கள், புது நாட்டுக்கு ஒரு பெருமை. 1998ல் ஃப்ரான்செஸ்கோ டெரிக்கோவும் அவரோடு வேலை செய்தவர்களும், இது விலங்கின் பல் பட்ட துளை என்று எழுதினார்கள். 2015ல் இன்னொருவர் கழுதைப்புலி கடித்தது என்றார். துர்க் விடவில்லை, பரிசோதனை செய்து பதில் எழுதிக்கொண்டே இருந்தார். சண்டை தீரவில்லை. லியூப்லியானா அருங்காட்சியகத்தில் அது நியாண்டர்தால் குழலாகவே காட்சிக்கு இருக்கிறது. நியாண்டர்தால் மனிதர்கள் இசை அறியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களை மூளையில்லாத முரடர்களாக வரைந்தது ஐரோப்பியர்களின் பழைய திமிர். ஆனால் ஒரு எலும்பின் மேல் ஒரு தேசத்தின் கொடியை நட்டுவிட்டால், அப்புறம் அந்த எலும்பை யாரும் சும்மா பார்க்க முடிவதில்லை.

இன்னொரு கதை இதற்கு நேர் எதிர். பிரான்சில் மார்சூலாஸ் என்ற குகையில் 1931ல் ஒரு பெரிய சங்கு கிடைத்தது. பதினெட்டாயிரம் ஆண்டுப் பழசு. பார்த்தவர்கள் ஏதோ தண்ணீர் குடிக்கிற குவளை என்று எழுதி, துலூஸ் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். 90 ஆண்டு கழித்து, 2021ல் வெளியான ஆய்வு சொல்கிறது: சங்கின் கெட்டியான நுனி தற்செயலாக உடையவில்லை, உடைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே செங்காவிப் புள்ளிகள். கொம்பு வாசிக்கிற ஒரு கலைஞரை அழைத்து ஊதச் சொன்னார்கள். மூன்று சுரம் வந்தது. அத்தனை ஆண்டும் அங்கே வந்துபோன அறிஞர்களுக்கு அது குவளை. நம் ஊரில் சாவு வீட்டில் சங்கு ஊதுகிற பெரியவர் ஒருவரை அங்கே கூட்டிப்போயிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

சங்கு என்றதும் ஒன்று. அதுவும் செத்த பிராணியின் கூடுதான். அது கருவறை வரைக்கும் போகும். மான்தோல் மேல் உட்கார்ந்தால் முனிவர். மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு என்று தோல்கள் இருக்கின்றன, அது கச்சேரி மேடையில் பட்டுத்துணி மேல் உட்காரும். அந்தத் தோலைப் பார்த்துப் பார்த்து எடுத்து, மூட்டி, சுருதி சேர்த்துக் கொடுக்கிற தலித் கிறித்துவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார், 2020ல் வந்தது. அவ்வளவு காலம் ஆனது அதற்கு. ஆகத் தீட்டு தோலில் இல்லை தோழர்களே, எவன் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

இப்போது இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்பதற்கு வருகிறேன். இதுதான் நமக்கு முக்கியம். இசை எங்கிருந்து பிறந்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெரிய விவாதம். உணர்ச்சி ஏறிய பேச்சிலிருந்து பிறந்தது என்றார் ஸ்பென்சர். இணையைக் கவர்வதற்கான கூவலிலிருந்து, மொழிக்கும் முன்னால், என்றார் டார்வின், 1871ல். கார்ல் ப்யூஹர் 1896ல் உழைப்பின் தாளத்திலிருந்து என்றார். நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே பிடித்துவிடும். ஆனால் இவை எதுவும் மண்ணைத் தோண்டிச் சொன்னவை இல்லை.

தோண்டுவதற்குப் பதிலாக அவர்கள் வேறொன்று செய்தார்கள். உயிரோடு இருக்கிற மக்களைத் தோண்டினார்கள். 1900ல் பெர்லினில் ஒலிப்பதிவுக் காப்பகம் ஒன்று தொடங்கியது. கார்ல் ஸ்டும்ஃப், அப்புறம் ஹார்ன்போஸ்டெல். ஆப்பிரிக்கா, ஆசியா, பசிபிக் தீவுகளிலிருந்து மெழுகு உருளைகளில் பாட்டு வந்து குவிந்தது. காலனி அதிகாரியும் பாதிரியாரும் பயணியும் பதிவு செய்து அனுப்புவார்கள். இலங்கையின் வேடர் மக்கள் பாடிய பாட்டும் அப்படிப் போனது. அதை வைத்து மாக்ஸ் வெர்த்தைமர் கட்டுரை எழுதினார், 1909-10ல். இரண்டு மூன்று சுரத்துக்குள் நிற்கிற பாட்டு, ஆகவே இதுதான் இசையின் மிகப் பழைய படிகளில் ஒன்று என்று கணக்கு ஆகிவிட்டது. நம் காலத்தில், அதே கடிகாரத்தில் வாழ்ந்துகொண்டிருந்த மனிதரைப் பார்த்து, நீ கற்காலம் என்றார்கள். கீழ்ப்படியில் வேடர், மேல்படியில் பீத்தோவன். நமக்குப் பழக்கமான ஏணிதானே இது!

முதல் உலகப்போரில் 1915லிருந்து 1918 வரை ஜெர்மானியர்கள் போர்க்கைதி முகாம்களுக்குள்ளேயே பதிவுக்கருவியோடு போனார்கள். பெர்லின் அருகே வுன்ஸ்டார்ஃப் முகாமில் பிரிட்டிஷ் படையிலிருந்து பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். கம்பிவேலிக்குள் அவர்களைப் பேசவும் பாடவும் சொல்லிப் பதிவு செய்தார்கள். கைதி பாடமாட்டேன் என்று சொல்ல முடியுமா? அந்தக் குரல்கள் இன்றும் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் இருக்கின்றன.

ஹார்ன்போஸ்டெல்லைக் கொச்சைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவரும் குர்ட் ஸாக்ஸும் 1914ல் செய்த கருவி வகைப்பாட்டை இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. 1933ல் நாஜிகள் வந்ததும், தாய் யூதர் என்பதால் ஹார்ன்போஸ்டெல் வேலையிலிருந்து தூக்கப்பட்டார். ஸாக்ஸும் யூதர், நாட்டைவிட்டுப் போனார். மற்றவர்களை ஏணியில் ஏற்றி இறக்கிக் கணக்குப் போட்ட அறிஞர்களை இன்னொரு ஏணி வந்து கீழே தள்ளியது.

அந்த இசை ஏணியை உடைத்தது எது தெரியுமா? நான் முதலில் சொன்ன குழல்தான். சுரம் குறைந்தது பழசு, சுரம் கூடியது புதுசு என்றால், நாற்பதாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஐந்து துளை எப்படி வந்தது? சீனாவின் ஜியாஹூவில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆண்டுக்கு முன்னால் பெருங்கொக்கின் எலும்பில் ஏழு துளைக் குழல் எப்படி வந்தது? அதில் ஒன்றை இன்றும் ஊத முடிகிறது.

இதனால்தான் தோழரின் 'ஆதி இசை' என்கிற வார்த்தையைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நம் முன்னோடிகளும் 'ஆதி', 'பூர்வ' என்ற சொற்களைப் பயன்படுத்தினார்கள். அயோத்திதாசர் பூர்வ பௌத்தர் என்றார். அவர் சொன்னதில் ஒரு வரலாறு இருந்தது: எங்களுக்கு ஒரு அறம் இருந்தது, கல்வி இருந்தது, பிடுங்கப்பட்டது என்றார். அது வழக்கு. ஆனால் சுற்றுலா விளம்பரத்திலும் அரசு விழாவிலும் 'ஆதி இசை' என்று போடுகிறானே, அது வழக்கு இல்லை, கண்ணாடிப்பெட்டி. இவர்கள் மாறாதவர்கள், காலம் இல்லாதவர்கள் என்று பொருள். பறை அடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராகக் குச்சியைக் கீழே போட்டவர்களும் நம் ஆட்கள்தான், அதற்காக அடிபட்டவர்களும் நம் ஆட்கள்தான். அதே பறையை மேடைக்கு எடுத்து வந்தவர்களும் நம் ஆட்கள்தான். இந்த இரண்டு பக்கமும் 'ஆதி' என்ற சொல்லுக்குள் காணாமல் போய்விடும்.

அண்ணல் அம்பேத்கர் 1948ல் வந்த 'தீண்டத்தகாதவர்கள்' நூலில் தீண்டாமைக்கு ஒரு பிறந்த தேதி குறிக்கப் பார்த்தார். கி.பி. 400 வாக்கில் என்றார். அந்த ஆண்டைப் பற்றி ஆய்வாளர்கள் வாதிடலாம். தீண்டாமை பிறந்தது, பிறந்ததற்குக் காரணம் இருந்தது என்று காட்டியதே பெரிய காரியம். அவர் கணக்கையே வைத்துப் பார்ப்போம். கழுகெலும்புக் குழலிலிருந்து இன்று வரை உள்ள நாற்பதாயிரம் ஆண்டை ஒரு நாளாக வைத்தால், தீண்டாமை வந்தது கடைசி ஒரு மணி நேரத்துக்குள்.

நம் பக்கத்து இடம் ஒன்றும் சொல்கிறேன். கர்நாடகத்தில் பெல்லாரி பக்கம் குப்கல் என்று ஒரு மலை. கருத்த டாலரைட் பாறைகள். பாறையில் நீண்ட கொம்பு வைத்த மாடுகளின் கீறல் ஓவியங்கள். அங்கே சில பாறைகளில் தட்டித் தட்டித் தேய்ந்த குழிகள். கல்லால் தட்டினால் மணி மாதிரி ஓசை வருகிறது. 1892லேயே வெள்ளைக்காரர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பிறகு மறந்தார்கள். நிக்கோல் பொய்வன் என்ற தொல்லியலாளர் மறுபடி போய்ப் பார்த்து 2004ல் கட்டுரை எழுதினார். புதிய கற்காலத்து மக்கள் அந்தப் பாறைகளை வாசித்திருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. அந்த வட்டாரம் முழுக்கச் சாம்பல் மேடுகள், மாட்டுச்சாணம் குவித்து எரித்தவை. அந்தக் காலத்து ஊர்களில் கிடைக்கிற எலும்பில் பெரும்பங்கு மாட்டெலும்பு, வெட்டுத் தடத்தோடு. மாட்டை வளர்த்தார்கள், வரைந்தார்கள், தின்றார்கள். அவர்கள் நம் நேர் முன்னோர் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. பொய்வன் எழுதும்போதே அந்த மலையில் கல் உடைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஓவியமும் ஓசையும் ஜல்லியாகப் போகிற ஆபத்தை அவர் எழுதினார்.

கல்லுக்கே அந்தக் கதி. தோலுக்கு?

நேரமாகிவிட்டது. நாளைக் காலையில் மூன்று மூத்த கலைஞர்கள் வருகிறார்கள். எல்லோரும் கைபேசியில் படம் பிடிப்பீங்க, தெரியும். பிடிங்க. ஆனால் முதலில் அவரே தன் பேரையும் ஊரையும் சொல்லட்டும், யாரிடம் கற்றார் என்று சொல்லட்டும். பெர்லின்காரன் கைதியைப் பதிவு செய்தபோதுகூடப் பேர், ஊர், தொழில் எழுதித் தாள் வைத்தான். நம் ஊர் விழா நோட்டீஸில் பாடகருக்குப் பேர் இருக்கும், பறை அடித்தவருக்கு 'கிராமியக் கலைஞர்கள்' என்று ஒரே வரி. அப்புறம், எந்த அடிக்கு என்ன பேர், எந்த இடத்தில் அடிப்பது, எதை இனி அடிப்பதில்லை என்று நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், இதையெல்லாம் கேளுங்க. தோல் எங்கே வாங்குகிறார், கட்டைக்கு என்ன மரம், பசை எப்படிக் காய்ச்சுகிறார், எவ்வளவு செலவு என்று கேளுங்க. அவர் சொல்ல விரும்பாததைத் துருவ வேண்டாம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுட்டு, ஒரு பிரதி அவர் வீட்டில் கொடுத்துட்டு வாங்க.

சாப்பாடு தயாராக இருக்கிறது என்று தோழர் கை காட்டுகிறார். கேள்வி இருக்கிறவங்க சாப்பிட்டுக்கொண்டே கேளுங்க.